கண் நறுக்காத தாயின் குஞ்சைக் கேளுங்கள்: இறால் பண்ணையாளர்களுக்கும் ஹேட்சரி நடத்துவோருக்கும் ஒரு திறந்த மடல்

தமிழகக் கடலோரத்தில் இறால் வளர்ப்பவர்களே, இறால் குஞ்சு பொரிப்பவர்களே,

நீங்கள் குளத்தில் விடும் குஞ்சின் தாய்க்குப் பெரும்பாலும் ஒரு கண் இருப்பதில்லை. ஹேட்சரி நடத்துவோருக்கு இது அன்றாட வேலை. பண்ணையாளர்களுக்கோ ஹேட்சரிக் கதவுக்குப் பின்னால் நடக்கும் சமாச்சாரம். குஞ்சு தரமாக வந்தால் போதும், மற்றதை யார் கேட்டார்கள்? இப்போது கேட்கிறார்கள். பிரிட்டனின் பேரங்காடிகள் கேட்கின்றன. சான்றிதழ் தரும் அமைப்புகளும் நீர்வாழ் உயிர்களின் வலியை ஆராயும் விஞ்ஞானிகளும் கேட்கிறார்கள். வளர்ப்பு மீனுக்கும் இறாலுக்கும் உலக அளவில் நல விதிகள் ஒவ்வொன்றாக உருவாகிக்கொண்டிருக்கின்றன. நாளை உங்கள் குளத்துக்கு வரப்போகும் அந்த விதிகளைப் பற்றி உங்கள் சங்கக் கூட்டங்களில் பேச்சே எழுவதில்லை.

அந்தப் பேச்சை நீங்களே தொடங்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். உயிர்களின் நலன் பற்றி உங்களுக்கு வகுப்பெடுக்க வேண்டியதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு கரையைச் சுற்றி வருபவர்கள் நீங்கள். இரவு முழுவதும் பாசியும் இறாலும் சுவாசித்து, சூரியன் எழுவதற்குச் சற்று முன்பு நீரில் ஆக்சிஜன் மிகவும் குறைந்துபோகும் என்பதை எந்தப் புத்தகமும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. டிஓ, அதாவது நீரில் கரைந்த ஆக்சிஜன், லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் உங்களுக்குத் தூக்கம் பிடிக்காது. செக் ட்ரேயைத் தூக்கி ஒரு இறாலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாலே பாதி விஷயம் உங்களுக்குத் தெரிந்துவிடும். குடல் கோடு நிறைந்து கறுத்திருக்கிறதா, அறுந்தறுந்து வெளுத்திருக்கிறதா, மீசை முழுசாக இருக்கிறதா, ஓடு இறுக்கமா தொளதொளப்பா என்றெல்லாம் பார்த்த பிறகுதான் மறுவேளைத் தீவனத்தை முடிவு செய்கிறீர்கள்.

நீரின் தரம், அடர்த்தி, தீவனம், நோய், கையாளும் விதம், கொல்லும் முறை. உலக அரங்கில் நலத் தரநிலை என்ற பெயரில் பேசப்படுவது இந்த ஆறும்தான். இவற்றில் முதல் நான்கும் உங்களுக்கு அத்துப்படி. தாய் இறாலைக் கையாளும் விதத்திலும் கடைசியில் கொல்லும் முறையிலும்தான் பழக்கம் அறிவை முந்திக்கொண்டு போகிறது.

உலக அளவில் இதுவரை என்ன நடந்திருக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பாரிஸ் நகரில் 1924ல் தொடங்கிய உலக விலங்கு நல்வாழ்வு அமைப்பில் 183 உறுப்பு நாடுகள் இருக்கின்றன. இந்தியாவும் அதில் ஒன்று. உங்கள் இறாலுக்கு வரும் வைட் ஸ்பாட் நோயை அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்திருப்பது அந்த அமைப்புதான். அது வெளியிடும் நீர்வாழ் விலங்குகள் விதித்தொகுப்பில் 2008 முதல் வளர்ப்பு மீன்களின் நலன் பற்றிய பகுதி இருக்கிறது. பொதுக் கொள்கை, ஏற்றிச் செல்லுதல், உணவுக்காக மயக்கிக் கொல்லுதல், நோய்க் கட்டுப்பாட்டுக்காகக் கொல்லுதல் என்று நான்கு அத்தியாயங்கள். மீனைப் பயன்படுத்துபவருக்கு, இயன்ற வரை அதன் நலனைக் காக்கும் அறக்கடமை உண்டு என்று முதல் அத்தியாயமே சொல்கிறது.

மூன்றாம் அத்தியாயம் இன்னும் வெளிப்படையானது. ஐஸ் போட்ட நீரில் குளிரவைத்துக் கொல்வது, நீரில் கரியமில வாயுவை விடுவது, உப்பில் அல்லது அமோனியாவில் முக்குவது, நீரை விட்டு வெளியே எடுத்து மூச்சுத் திணற விடுவது, மயக்காமல் ரத்தம் வடியவிடுவது ஆகியவை மீனுக்குக் கேடான முறைகள் என்று அது பட்டியலிடுகிறது. தலையில் அடித்தோ மின்சாரத்தாலோ மயக்க முடிகிற இடத்தில் இந்த முறைகளைக் கையாளக்கூடாது என்கிறது. கட்லா, ரோகு, கெண்டை வளர்க்கும் உள்நாட்டு மீன் பண்ணையாளர்களும் இதைக் கவனிக்க வேண்டும். நம் ஊர்ச் சந்தைகளில் பெரும்பாலான மீன் சாவது இந்தப் பட்டியலில் உள்ள ஏதோவொரு விதத்தில்தான்.

அந்த விதித்தொகுப்பு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஸ்பானிய மொழியிலும் வெளியாகிறது. உங்கள் நாடு உறுப்பினராக இருந்து ஏற்றுக்கொண்ட விதி அது. அதன் சாரத்தையாவது தமிழில் அச்சிட்டு உங்கள் கையில் யாராவது கொடுத்தார்களா? மானியத்துக்கும் உரிமத்துக்கும் எத்தனை படிவங்கள் உங்களைத் தேடி வருகின்றன! இந்தச் சில பக்கங்கள் ஏன் வரவில்லை என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அந்தப் பகுதியின் தலைப்பே வளர்ப்பு மீன்களோடு நின்றுவிடுகிறது. இறாலுக்கும் நண்டுக்கும் கணவாய்க்கும் அதில் ஒரு வரி கிடையாது. இந்தியா 2023-24ல் ஏற்றுமதி செய்த உறைநிலை இறால் மட்டும் சுமார் 7.16 லட்சம் டன். மதிப்பு 40,000 கோடி ரூபாய்க்கு மேல். கிலோவுக்கு 50 என்ற 50 கவுண்ட் இறால் என்றால் ஒரு டன்னில் 50,000 உயிர் என்று நீங்களே ஒரு நொடியில் சொல்லிவிடுவீர்கள். இத்தனை உயிர்கள் வளர்ந்து சாகும் ஒரு தொழிலுக்கு, அவற்றை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்ல அரசுகள் சேர்ந்து ஒப்புக்கொண்ட தரநிலை எதுவும் இல்லை.

இறாலுக்கு வலிக்குமா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நேர்மையான கேள்விதான், அதற்கு நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும். மீனுக்கு வலி தெரியும் என்பதையே அறிவியல் மெதுவாகத்தான் ஏற்றுக்கொண்டது. ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆய்வு நிறுவனத்தில் லின் ஸ்னெடனும் அவருடைய குழுவினரும் 2003ல் ரெயின்போ ட்ரௌட் மீனின் தலையில் வலியை உணரும் நரம்பு முனைகளைக் கண்டறிந்தார்கள். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் இப்படியும் அப்படியும் ஆடின, உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன, தீனியைத் தொடவில்லை. மார்ஃபின் கொடுத்ததும் அந்தத் தவிப்பு குறைந்தது.

இறால் இனத்தில் சோதனை பிறகுதான் வந்தது. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஒரு வகைப் பாறை இறாலின் ஒரு மீசையில் அமிலம் தடவினார்கள். அது அந்த மீசையை மட்டும் மறுபடி மறுபடி நீவி, தொட்டியின் சுவரில் தேய்த்தது. மரத்துப்போகும் மருந்து தடவியபோது அந்த நீவல் குறைந்தது. வேறு இனங்களில் வேறு ஆய்வாளர்கள் செய்து பார்த்தபோது இதே விடை கிடைக்காததும் உண்டு. 2021ல் லண்டன் பொருளியல் கல்லூரியின் ஆய்வுக்குழு முந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை எடைபோட்டது. நண்டுகளுக்கு உணர்வு உண்டு என்பதற்கு வலுவான சான்று இருந்தது. நீங்கள் வளர்க்கும் வகை இறாலுக்குச் சான்று குறைவு. அந்த இறாலை யாரும் அதிகம் ஆராயவில்லை என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆராயாததைக் காரணம் காட்டி ஓர் உயிரைப் பாதுகாப்புக்கு வெளியே நிறுத்துவது நியாயமல்ல என்று கருதி, பத்துக்கால் ஓட்டுடலிகள் எல்லாவற்றையும் சட்டத்துக்குள் கொண்டுவரச் சொன்னது அந்தக் குழு. பிரிட்டன் 2022ல் அப்படியே சட்டம் இயற்றியது. நார்வேயின் விலங்கு நலச் சட்டம் 2010லிருந்தே மீனையும் நண்டு, இறால் இனங்களையும் கணவாயையும் சேர்த்துக் காக்கிறது. லாப்ஸ்டரை மயக்காமல் கொதிநீரில் போடுவதை சுவிட்சர்லாந்து 2018ல் தடை செய்தது.

நம் சட்டமும் இதில் பின்தங்கியதல்ல. மனிதர் தவிர்த்த உயிருள்ள எதுவும் விலங்கு என்று 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வரையறுக்கிறது. அந்த வரையறையின்படி இறாலும் விலங்குதான். உணவுக்காகக் கொல்வதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. தேவையில்லாத வலியைத்தான் தடுக்கிறது. எந்த வலி தேவையில்லாதது என்பதுதான் இப்போது உங்கள் முன் நிற்கும் கேள்வி.

ஹேட்சரி நடத்துவோரே, அந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான்.

முதிர்வு அறையின் மங்கிய விளக்கில் வட்டத் தொட்டியிலிருந்து ஒரு பெண் இறாலைப் பிடிக்கிறார் தொழிலாளி. ஈரக் கையில் அதை மல்லாத்திப் பிடித்து, ஒரு கண்ணைத் தாங்கும் காம்பைக் கத்தரியால் நறுக்குகிறார், அல்லது இடுக்கியால் நசுக்குகிறார், அல்லது சூடேற்றிய இடுக்கியால் பொசுக்குகிறார், அல்லது நூலால் இறுக்கிக் கட்டிவிடுகிறார். வேலை சில நொடிதான். இறால் வாலை வெடுக்கென்று அடிக்கிறது. திரும்பத் தொட்டியில் விழுந்ததும் தாறுமாறாக ஓடுகிறது. நன்னீர் இறால் இனம் ஒன்றில் செய்த சோதனையில், கண் நீக்கியதும் வாலை உதறுவதும் காயத்தைத் தேய்ப்பதும் பதிவாகின. முன்கூட்டியே மரப்பு மருந்து தடவியபோது அவை குறைந்தன.

எதற்காக இது? முட்டை முதிர்வதைத் தடுத்து வைக்கும் ஹார்மோன் சுரக்கும் இடம் அந்தக் கண்காம்பில் இருக்கிறது. அதை நீக்கினால் சினைப்பை சில நாளில் முதிர்ந்துவிடும்; திரும்பத் திரும்ப முட்டையிடும். கண்காம்பை எடுத்தால் இறால் இனத்தில் சினைப்பை வளர்கிறது என்று பனூஸ் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1943லேயே காட்டினார். கடலிலிருந்து பிடித்துவந்த தாய் இறால்கள் தொட்டியில் முட்டையிட மறுத்த காலத்தில், இறால் வளர்ப்பு என்ற தொழிலே இந்த வழியில்தான் எழுந்து நின்றது. அன்றைக்கு உங்கள் முன்னோடிகளுக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதை யாரும் மறுக்க முடியாது.

அந்த நிலைமை மாறிவிட்டது. இன்று உங்கள் தொட்டிக்கு வரும் வெனாமி இறால் கடலிலிருந்து பிடிபட்டதல்ல. பல தலைமுறைகளாகத் தொட்டியிலேயே பிறந்து, தொட்டியிலேயே முட்டையிடத் தேர்ந்தெடுக்கப்பட்ட இனம். ஒரு பெண் இறால் ஒரு முறையில் ஒரு லட்சம் முதல் இரண்டரை லட்சம் முட்டை வரை இடும். ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வணிக அளவிலான ஹேட்சரிச் சூழலில், கண் நீக்காத தாய்களையும் நீக்கிய தாய்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கண் நீக்காத தாய்கள் முட்டையிடும் தடவைகள் குறையத்தான் செய்தன. தாய்களின் எண்ணிக்கையைக் கூட்டி, முதிர்வுக்கு முன்பே நல்ல தீவனம் கொடுத்துத் தயார்ப்படுத்தினால் அந்த இடைவெளியை நிரப்ப முடியும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

பண்ணையாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அவர்களின் அடுத்த முடிவைத்தான். இரண்டு வகைத் தாய்களின் குஞ்சுகளையும் ஈஎம்எஸ் நோயை உண்டாக்கும் பாக்டீரியாவுக்கும் வைட் ஸ்பாட் வைரஸுக்கும் உட்படுத்தினார்கள். கண் நீக்காத தாயின் குஞ்சுகளே அதிகம் பிழைத்தன.

இதன் அர்த்தத்தை உங்கள் கணக்குப் புத்தகத்தில் வைத்துப் பாருங்கள். நூறு நாளில் எடுக்க வேண்டிய குளத்தை நாற்பதாம் நாளில் வைட் ஸ்பாட் வந்து காலி செய்த அனுபவம் இல்லாத ஊர் உங்கள் கடற்கரையில் உண்டா? 1990களின் நடுவில் அந்த நோய்தான் கறுப்பு இறால் வளர்ப்பைச் சாய்த்தது. அதிலிருந்து மீளத்தான் 2009ல் வெனாமிக்கு அனுமதி கொடுத்தார்கள். நோயைத் தாங்கும் குஞ்சுக்காக மருந்துக் கடைக்கும் புரோபயாட்டிக் டப்பாவுக்கும் செலவழிக்கும் நீங்கள், குஞ்சு வாங்கும்போது தாயின் நிலையை ஒரு தடவை கேட்டால் என்ன?

இனி உங்கள் மனக்குறைக்கு வருவோம். அது நியாயமானது என்பதால் விரிவாகவே சொல்ல வேண்டும்.

டெஸ்கோ, மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் போன்ற பிரிட்டன் பேரங்காடிகள், தாங்கள் விற்கும் இறால் கண் நீக்காத தாயிடமிருந்து வர வேண்டும், மின்சாரத்தால் மயக்கிக் கொல்லப்பட வேண்டும் என்று கொள்கை அறிவித்து நடைமுறைப்படுத்தத் தொடங்கிவிட்டன. சான்றிதழ் அமைப்புகளும் நல விதிகளைத் தங்கள் பட்டியலில் சேர்த்து வருகின்றன. நிபந்தனை கடல் தாண்டி வருகிறது. செலவு மட்டும் ஏற்றுமதியாளரிடமிருந்து ஏஜென்ட்டுக்கு, ஏஜென்ட்டிடமிருந்து உங்களுக்கு என்று இறங்கி உங்கள் தலையில் வந்து நிற்கும். இது கற்பனை பயமல்ல. ஆன்டிபயாட்டிக் எச்சத்தைக் காரணம் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் 2016ல் இந்திய இறால் சரக்கைச் சோதிக்கும் அளவை 10 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தியது. தவறு செய்தவர்களோடு செய்யாதவர்களின் கன்டெய்னரும் துறைமுகத்தில் காத்துக் கிடந்தது. அமெரிக்காவின் பொருள்குவிப்புத் தடுப்பு வரி பல ஆண்டுகளாக இந்திய இறாலைத் தொடர்கிறது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 சதவீதத்தைத் தொட்டபோது, அதன் அடியைத் தாங்கியவர்களில் குளத்துக் கரையில் நின்ற நீங்களும் உண்டு. இத்தனைக்கும் மேல் இன்னொரு விதியா என்று உங்களுக்கு ஆத்திரம் வந்தால், அதைப் புரிந்துகொள்ளாதவர் உங்கள் தொழிலைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர்.

ஆனால் அந்த ஆத்திரத்தோடு ஒதுங்கி நின்றால் என்ன ஆகும் என்பதையும் இந்தக் கடற்கரை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் இறால் பண்ணைகள் பெருகியபோது, குடிநீர் உப்பாகிறது, நெல் வயல் கெடுகிறது என்று நாகை வட்டாரத்து மக்கள் குரல் எழுப்பினார்கள். தொழில்துறை அதைக் காதில் போட்டுக்கொண்டு தனக்கென்று ஒரு கட்டுப்பாட்டை வகுத்துக்கொள்ளவில்லை. காந்தியவாதி எஸ்.ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு, பாரம்பரிய முறைப் பண்ணைகள் தவிரக் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்திலிருந்த மற்ற இறால் பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. பதிவும் ஒழுங்குமுறையும் கொண்ட கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் 2005ல்தான் வந்தது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று நியாயமான ஒரு கேள்விக்குத் தொழில் தானாகப் பதில் சொல்லியிருந்தால், அந்தப் பதிலை நீதிமன்றம் எழுத வேண்டி வந்திருக்காது.

அந்த 2005 சட்டத்தால் அமைந்த ஆணையம்தான் பின்னர் வெனாமிக்குச் சதுர மீட்டருக்கு 60 குஞ்சுக்கு மேல் விடக்கூடாது என்று வரம்பு வைத்தது. நோய்க்கட்டுப்பாட்டுக்காக வைத்த வரம்பு என்று நீங்கள் நினைக்கலாம். நெரிசலில்லாமல் வளர்வது நலனும்தான். ஆக, நல விதி உங்களுக்குப் புதிதல்ல. அதற்குள் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருக்கிறீர்கள்.

ஆந்திரம் உற்பத்தியில் நம்மைவிடப் பல மடங்கு பெரியது, அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள் என்று நீங்கள் சொல்லக்கூடும். அவர்களிடமும் சொல்ல வேண்டியதுதான். ஆனால் இறக்குமதியாகும் வெனாமித் தாய்கள் எந்த மாநில ஹேட்சரிக்குப் போவதானாலும் சென்னை நீலாங்கரையிலுள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் தங்கித்தான் போகின்றன. உங்களுக்கு உரிமம் தரும் ஆணையத்தின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. உவர்நீர் மீன்வளர்ப்பு மத்திய ஆராய்ச்சி நிறுவனமான சிபாவும் சென்னையில்தான். மீன்வளப் பல்கலைக்கழகம் நாகப்பட்டினத்தில். இந்தியாவின் இறால் வளர்ப்பை வழிநடத்தும் அலுவலகங்கள் பலவும் உங்கள் ஊர் பஸ் போகும் தூரத்தில் இருக்கும்போது, இந்த மாற்றத்தைத் தொடங்க உங்களைவிட வசதியான இடத்தில் யாரும் இல்லை.

அறுவடை பற்றியும் ஒரு வார்த்தை. மடையில் கட்டிய வலைப்பையை அவிழ்த்ததும் இறால் பிளாஸ்டிக் பெட்டிகளில் கொட்டப்படுகிறது. எடை போட்டு, கவுண்ட் எடுத்து, விலை பேசி முடிக்கும் வரை பெட்டி கரையிலேயே இருக்கிறது. மேலடுக்கு துள்ளிக்கொண்டிருக்கும், அடியிலிருப்பது மேலுள்ள பாரத்தில் நசுங்கி, காற்றில் மெல்லச் சாகும். ஐஸ் நீரில் போட்டபின் அசைவு நின்றுவிடுகிறது. அசைவு நின்றதும் உணர்வும் நின்றுவிட்டதா என்பது வேறு கேள்வி; அந்தச் சந்தேகத்தால்தான் இறால் வாங்குபவர்கள் மின்சாரத்தால் மயக்கும் கருவியைக் கேட்கிறார்கள். அந்தக் கருவியைத் தனியொரு சிறு பண்ணையாளர் வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அது அநியாயம். ஐஸ் நீர் முழுத் தீர்வல்ல; ஆனால் எடை போடும் முன்பே அதில் இறக்குவதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். முன்னேற்பாடாகப் போதிய ஐஸும், பேரத்தைப் பிறகு வைத்துக்கொள்ளும் பிடிவாதமும் போதும். சரக்கின் தரமும் அதனால் கெடாது. வெயிலில் கிடந்த இறாலைவிட உடனே குளிர்ந்த இறாலே நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

வளர்ப்பதே சாப்பிடத்தானே, கொல்லும்போது என்ன நலன் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். தாய் இறால் முட்டையிட்டுக்கொண்டே மாதக்கணக்கில் உங்கள் தொட்டியில் வாழ்கிறது. குஞ்சு மூன்று நான்கு மாதம் உங்கள் குளத்தில் வாழ்கிறது. அந்த உயிருக்கு உங்கள் தொட்டியையும் குளத்தையும் தவிர வேறு உலகம் கிடையாது. அதன் நீர், தீவனம், இரவு, பகல் எல்லாம் உங்கள் கையில். முழுக்க உங்கள் கையில் இருக்கும் ஓர் உயிருக்குத் தவிர்க்கக்கூடிய வலியைத் தவிர்ப்பது, அதை விற்றுப் பிழைப்பதற்கு எந்த விதத்திலும் தடையல்ல.

ஆகவே உங்களிடம் மூன்று கோரிக்கைகள்.

ஹேட்சரி நடத்துவோருக்கு முதலாவது. உங்கள் தொட்டிகளில் ஒரு பகுதியையாவது வருகிற பருவத்திலேயே கண் நீக்காத தாய்களுக்கு ஒதுக்குங்கள். எத்தனை தாய், எத்தனை முட்டை, எத்தனை நாப்ளி, குஞ்சின் பிழைப்பு எவ்வளவு என்று கணக்கு வைத்து, சிபாவையும் மீன்வளப் பல்கலைக்கழகத்தையும் அழைத்து அந்தக் கணக்கைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். நம் ஊர் நீரில், நம் ஊர்த் தீவனத்தில் எது சாத்தியம் என்பதற்கு ஸ்டிர்லிங் ஆய்வைவிட உங்கள் ஏடே பெரிய சான்று. அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, கண் நீக்குவதை முழுவதுமாக நிறுத்தும் ஆண்டை நீங்களே சங்கத்தில் முடிவு செய்து அறிவியுங்கள்.

பண்ணையாளர்களுக்கு இரண்டாவது. குஞ்சு புக் பண்ணும்போது பிசிஆர் நோய்ச்சோதனைச் சான்றிதழ் கேட்பதைப் போலவே, தாய்க்குக் கண் நீக்கப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். நீக்காத தாயின் குஞ்சுக்குச் சில பைசா கூடுதல் ஆனால் அதைக் கொடுக்கத் தயாராகுங்கள். நீங்கள் கேட்காத எதையும் ஹேட்சரி தராது. அறுவடை நாளில் ஐஸ் நீர்த் தொட்டி தயாரான பிறகே மடையைத் திறப்பது என்று உறுதி செய்யுங்கள். மின் மயக்கக் கருவி வேண்டும் என்று ஏற்றுமதியாளர் சொன்னால், கருவியின் செலவும் கூடுதல் விலையும் எவ்வளவு என்பதைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒருவராகக் கேட்டால் ஒதுக்கிவிடுவார்கள். ஊர்ச் சங்கமாகக் கேளுங்கள்.

மூன்றாவது எல்லோருக்குமானது. உலக விலங்கு நல்வாழ்வு அமைப்பு தன் விதி வரைவுகளை உறுப்பு நாடுகளுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கிறது. ஒவ்வொரு ஆண்டும் மே மாதம் பாரிஸ் பொதுக்கூட்டத்தில் அவற்றை நிறைவேற்றுகிறது. இந்தியாவின் கருத்தைத் தொகுத்து அனுப்பும் பொறுப்பு, மீன்வளத்தையும் கால்நடையையும் சேர்த்துக் கவனிக்கும் ஒன்றிய அமைச்சகத்தில் இருக்கிறது. அந்த அமைச்சகத்துக்கும், சென்னை ஆணையத்துக்கும், மாநில மீன்வளத்துறைக்கும் உங்கள் சங்கத்தின் தாளில் ஒரு மனு எழுதுங்கள். மீன்களுக்கு இருக்கும் நான்கு அத்தியாயங்களையும் தமிழில் தரச் சொல்லுங்கள். இறாலுக்கும் நண்டுக்கும் தனி அத்தியாயம் வேண்டும் என்று இந்தியாவே முன்மொழியச் சொல்லுங்கள். அதில் வெப்பக் கடலோரச் சிறு குளங்களின் நிலைமையும், செலவை யார் ஏற்பது என்பதும் இடம்பெற வேண்டும் என்று வலியுறுத்துங்கள். வரைவு வரும்போது உங்கள் சங்கத்துக்கும் ஒரு பிரதி அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும் என்று எழுதிவிட்டு, கீழே எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் அடுத்த சங்கக் கூட்டத்திலேயே இதைப் பேசி, மனுவை அன்றே அனுப்பிவிடுங்கள்.